லிரிக்கல் ராப் வீடியோவுல வரி எங்க தொலையுது? லிப் சிங்க், கட், லைட், மிக்ஸ் எல்லாம் இங்க பேசலாம்

#1 · பதினாறுபார்

புதுசா வர்ற அண்டர்கிரவுண்ட் ஹிப் ஹாப் வீடியோக்கள்ல எழுத்து கனமா இருக்கு. ஆனா முதல் தடவை பாக்குறவனுக்குப் பாதி வரி காதுல ஏறவே மாட்டேங்குது. பஞ்ச் (வரியோட அடி விழுற சொல்) வர்ற இடத்துல ட்ரோன் ஷாட், வாய் மேல தொப்பி நிழல், ரெண்டாவது வெர்ஸ் வர்றதுக்குள்ள லிப் சிங்க் (பாட்டோட வாய் அசைவு ஒட்டுறது) நழுவல். இவ்வளவு உழைச்சு எழுதின வெர்ஸுக்கு இது நடக்கக்கூடாது. வரியைக் காப்பாத்துற மாதிரி எப்படி எடுக்குறதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஒரு கணக்கு வெச்சுப் பேசுவோம். 88 பிபிஎம் (நிமிஷத்துக்கு 88 பீட்), டிரம்ஸ் ரொம்பக் கம்மி, சாம்பிள் (பழைய ரெக்கார்ட்ல இருந்து எடுத்த துண்டு) லூப்தான் முழுக்க. 16 பார் (ஒரு பார்னா நாலு பீட்) வெர்ஸ் ரெண்டு, நடுவுல 4 பார் ஸ்க்ராட்ச் (ரெக்கார்டைத் தேய்ச்சு எடுக்குற சத்தம்). ஒரு மிரர்லெஸ் கேமரா, 35 எம்எம் லென்ஸ், ரெண்டு எல்இடி பேனல். பிளேபேக்குக்கு போனும் ப்ளூடூத் ஸ்பீக்கரும். சிங்க் எப்படிப் பிடிக்கிறது, ஸ்லோ மோஷன்ல வாய் ஒட்டுமா, எங்க வெட்டுறது, வரியை ஸ்க்ரீன்ல போடலாமா? எழுத்து பத்தியும் பேசலாம், அது சரியா இல்லேன்னா மீதி எதுவும் நிக்காது.

#2 · ஃப்ரேம்24

சிங்க் பிரச்சனை பெரும்பாலும் ஷூட்டுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடுது. மிக்ஸ் முடியாட்டிப் பரவால்ல, ஆனா டெம்போவும் வோக்கல் டேக்கும் முடிவானதா இருக்கணும். ஷூட் முடிஞ்சப்புறம் ஒரே ஒரு வரியை மறுபடி ரெக்கார்ட் பண்ணினாலும், அந்த வரிக்கு எடுத்த எல்லா ஷாட்லயும் வாய் ஒட்டாது. மூச்சு எடுக்குற இடம்கூட மாறிடும்.

பிளேபேக் ஃபைல் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ். எம்பி3 வேண்டாம், தொடக்கத்துல சில மில்லிசெகண்ட் வெத்து இடம் சேரும். பாட்டுக்கு முன்னாடி நாலு க்ளிக் போட்டு வைங்க. டேக் நடுவுல இருந்து எடுக்குறப்போ ரெண்டாவது வெர்ஸுக்கும் தனி ஃபைல், அதுக்கும் நாலு க்ளிக். கேமராவோட உள் மைக் எப்பவும் ஆன்லதான் இருக்கணும், அந்தச் சத்தம்தான் பின்னாடி அலைவடிவம் பாத்து ஒட்ட வைக்க உதவும்.

நழுவலுக்கு அடுத்த காரணம் ஃப்ரேம் ரேட். விநாடிக்கு 24 ஃப்ரேம்ல எடுத்த க்ளிப்பை எடிட்ல 23.976-ல ஓட விட்டா வேகம் 0.1 சதவீதம் குறையும். கேக்க ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும், ஆனா 3 நிமிஷப் பாட்டு முடியுறப்போ 0.18 விநாடி, அதாவது நாலு ஃப்ரேமுக்கு மேல தள்ளிப்போயிடும். போன்ல பி-ரோல் (இடையில சேக்குற துணைக் காட்சி) எடுத்தா இன்னொரு தொல்லை: போன் நிறைய நேரம் மாறுற ஃப்ரேம் ரேட்லதான் பதியும். எடிட்டுக்குக் கொண்டுவர்றதுக்கு முன்னாடி நிலையான ஃப்ரேம் ரேட்டுக்கு மாத்திடுங்க.

#3 · பதினாறுபார்

ப்ளூடூத் ஸ்பீக்கர் லேட்டா சத்தம் விடுமே, அதனால சிங்க் கெடாதா?

#4 · ஃப்ரேம்24

கெடாது. ராப்பர் ஸ்பீக்கர்ல இருந்து கேக்குறதுக்குத்தான் வாய் அசைக்கிறார், கேமரா மைக்கும் அதே ஸ்பீக்கரைத்தான் பதியுது. தாமதம் ரெண்டு பேருக்கும் பொது. ரெண்டு ஸ்பீக்கர் வெச்சு ஒண்ணு வயர்ல, ஒண்ணு ப்ளூடூத்ல ஓடினா மட்டும் குழப்பம்.

நிஜமான தொல்லை தூரம். சத்தம் ஒரு விநாடிக்கு சுமார் 343 மீட்டர்தான் போகும். ஸ்பீக்கர் ராப்பர் பக்கத்துல, கேமரா 30 மீட்டர் தள்ளி இருந்தா கேமரா மைக்குக்கு சத்தம் 87 மில்லிசெகண்ட் கழிச்சு வந்து சேரும், 24-ல ரெண்டு ஃப்ரேம். அலைவடிவம் பாத்து ஒட்டினா வாய் ரெண்டு ஃப்ரேம் முந்திக்கும். அந்த க்ளிப்பை மட்டும் டைம்லைன்ல ரெண்டு ஃப்ரேம் பின்னுக்குத் தள்ளணும். வைட் ஷாட் மட்டும் ஏதோ ஒட்டாத மாதிரி தெரியுறதுக்கு நிறைய வீடியோவுல இதான் காரணம்.

சரிபாக்க ஒரு வழி: ப, ம வர்ற சொல்லைத் தேடுங்க. அந்த எழுத்துக்கு உதடு மூடியே ஆகணும். ப-வுக்கு, உதடு மூடின ஃப்ரேமுக்கு அடுத்ததுல சத்தம் வெடிக்கணும். க, ச, ழ வெச்சுப் பாத்தா கண்ணு ஏமாந்துடும்.

ஸ்லோ மோஷனுக்கு வர்றேன். 48-ல எடுத்து 24-ல ஓட்டணும்னா பிளேபேக்கை ரெண்டு மடங்கு வேகத்துல விடணும். 88 பிபிஎம் 176 ஆகிடும். ஒரு பாருக்கு 15 அசை வெச்சு எழுதினவர் சாதாரணமா விநாடிக்கு 5.5 அசை பேசுவார். இரட்டை வேகத்துல 11. எந்த வாயும் அதைத் தெளிவா சொல்லாது, மென்னு முழுங்கும், ஸ்லோ பண்ணிப் பாத்தா உதடு பாதிதான் திறந்திருக்கும். லிரிக்கல் வெர்ஸுக்கு 30-ல எடுத்து 24-ல ஓட்டுங்க, பிளேபேக் 125 சதவீதம், அதாவது 110 பிபிஎம். அசைவுல ஒரு மிதப்பு வரும், வாயும் ஒட்டும். சுருதி மாறாம வேகத்தை மட்டும் கூட்டி ஃபைல் தயார் பண்ணுங்க, இல்லேன்னா ராப்பருக்கே தன் வரி புரியாது. கேமராவுல இருக்குற தனி ஸ்லோ மோட்ல பல மாடல் சத்தமே பதியாது. அதனால சாதாரண 30 மோட்ல எடுத்து எடிட்ல மெதுவாக்குறதுதான் பாதுகாப்பு.

#5 · எதுகைக்காரன்

எழுத்துப் பக்கம் கொஞ்சம் சொல்றேன். 1987-ல முதல் ஆல்பத்தோட வந்த அமெரிக்க ராப்பர் ரக்கீம், ரைமை வரி முடிவுல மட்டும் வைக்காம வரிக்குள்ளயே பின்னினார். அதுக்கப்புறம் ஆங்கில ராப் எழுதுற முறையே மாறிப்போச்சு. தமிழ்ல அந்தக் கருவி நமக்கு எதுகை, மோனைன்னு கையிலயே இருக்கு. ஆனாலும் புது ராப்பர்கள் பலர் வரி முடிவுல "எழுதுறேன், உழைக்கிறேன், ஜெயிக்கிறேன்"னு முடிச்சிட்டு அதை ரைம்னு நினைச்சுக்குறாங்க. விகுதி ஒத்துப்போறது இலக்கணத்தோட வேலை, ராப்பரோட வேலை இல்ல. விகுதிக்கு முன்னாடி இருக்குற அசைகளும் ஒத்துப் போகணும்.

உதாரணத்துக்கு ரெண்டு பார்:

எழுதுன வரியெல்லாம் விழுதா எறங்குது
பழுதுன்னு சொன்னவாய் முழுதா உறங்குது

நாலு இடத்துல "ழு" ரெண்டாவது எழுத்தா உக்காந்திருக்கு. கடைசியில எறங்குது–உறங்குது, முதல் அசை தவிர எல்லாம் ஒண்ணு. இனி இதை 16 கட்டத்துல வைங்க, ஒரு பீட்டுக்கு நாலு கட்டம். "எழுதுன" 1 முதல் 4. "வரியெல்லாம்" 5 முதல் 8. "விழுதா" 9 முதல் 11, 12 காலி. "எறங்குது" 13 முதல் 16. அதாவது முதல் எதுகை முதல் பீட்ல, ரெண்டாவது எதுகை மூணாவது பீட்ல, இயைபு (கடைசிச் சொல் ஒத்துப்போறது) நாலாவது பீட்ல ஸ்நேர் (டிரம்ஸோட கூர்மையான அடி) மேல விழுது. ரெண்டாவது வரியில "சொன்னவாய்" மூணு அசைதான், 8-ம் கட்டமும் காலி. ரெண்டு வரியையும் ஒண்ணு கீழ ஒண்ணா எழுதினா எதுகைச் சொல் நேர்கோட்டுல நிக்கும். கேக்குறவன் காது ரெண்டாவது வரியில அந்த இடத்தை எதிர்பாக்க ஆரம்பிச்சிடும்.

மூச்சு மறந்துடாதீங்க. 88 பிபிஎம்ல ஒரு கட்டம் 170 மில்லிசெகண்ட். சட்டுன்னு ஒரு மூச்சு இழுக்கக் குறைஞ்சது ரெண்டு கட்டம் வேணும். மேல இருக்குற ரெண்டு பார்ல ஒத்தை ஒத்தைக் கட்டமாத்தான் காலி, மூச்சுக்கு இடமே இல்ல. மூணாவது பார் முதல் ரெண்டு கட்டத்தை வெறுமையா விட்டு எழுதணும். இதைக் காகிதத்துல செய்யாதவங்க ரெக்கார்டிங்ல ரெண்டு டேக்கை ஒட்டி சமாளிக்கலாம். ஆனா வீடியோவுல மூச்சே விடாம எட்டு பார் போற வாயைப் பாத்தா பொய்னு தெரிஞ்சிடும், மேடையிலயும் மாட்டிக்குவாங்க.

#6 · லூப்வெட்டி

கட்டத்துல உக்கார வைக்கிறது ஆரம்பத்துக்குச் சரி தோழர், ஆனா பதினாறு பாரும் அப்படியே போனா பள்ளிக்கூட ஒப்பிப்பு மாதிரி ஆகிடும். டிரம்ஸ் குறைவான லூப்ல ஸ்நேரே இல்லாம இருக்கலாம், அங்க ரைமை ஸ்நேர் மேல போடுறதுக்கு அர்த்தம் என்ன? அந்த மாதிரி லூப்ல குரல்தான் டிரம்ஸ். வரியை 20, 30 மில்லிசெகண்ட் பின்னாடி சாய்ச்சு விடணும். ஆறாவது, ஏழாவது பார்ல எதுகையை ஒரு பீட் தள்ளி வெச்சு எதிர்பார்ப்பை உடைக்கணும். வரி முடிவு பார் முடிவோட ஒத்துப்போகவே கூடாத இடமும் உண்டு, வாக்கியம் அடுத்த பாருக்குள்ள வழிஞ்சு போய் மூணாவது பீட்ல முடியட்டும்.

#7 · எதுகைக்காரன்

ஒத்துக்குறேன், ஆனா வரிசை முக்கியம். முதல் நாலு பார் கட்டத்துல நின்னாத்தான் அஞ்சாவதுல உடைச்சது கேக்குறவனுக்குத் தெரியும். ஆரம்பமே சாய்ஞ்சு இருந்தா அவன் அதைத் தப்புன்னு எடுத்துக்குவான். டிரம்ஸ் இல்லாத லூப்ல இது இன்னும் அதிகம், ஏன்னா கணக்கு வைக்க வேற ஒண்ணுமே இல்ல.

#8 · கட்பாயிண்ட்

எடிட்டுக்கு வாங்க. 88 பிபிஎம்ல ஒரு பார் 2.727 விநாடி. 24 ஃப்ரேம்ல 65.45 ஃப்ரேம். பலர் 65 ஃப்ரேமுக்கு ஒரு மார்க்கர்னு காப்பி பேஸ்ட் பண்ணிக்கிட்டே போவாங்க. பதினாறு பார் முடிஞ்சதும் ஏழு ஃப்ரேம் பிழை சேர்ந்திருக்கும், கடைசிக் கட் எல்லாம் முந்தி விழும். டிரம்ஸ் இருந்தா அலைவடிவத்துல ஸ்நேர் பாத்து சரி பண்ணலாம், இந்தப் பாட்டுல அதுவும் முடியாது. பீட் (பின்னணி இசை) செஞ்ச ப்ராஜெக்ட்ல இருந்து க்ளிக் ட்ராக்கைத் தனி வேவா வாங்கி டைம்லைன்ல ஒரு ட்ராக்ல போட்டு மியூட் பண்ணிடுங்க. அந்த முனைகளைப் பாத்து மார்க் பண்ணுங்க. இன்னும் பீட் முடிவாகலேன்னா 90 பிபிஎம் யோசிங்க, 24 ஃப்ரேம்ல ஒரு பார் சரியா 64 ஃப்ரேம்.

எங்க வெட்டுறதுன்னா, பார் கோட்டுல எல்லாம் வெட்டாதீங்க. லிரிக்கல் வெர்ஸ்ல வாக்கியம்தான் அளவு. செட்டப் ஒரு பார், பஞ்ச் ஒரு பார்னா அந்த 5.45 விநாடியும் ஒரே முகம் நிக்கணும். பஞ்ச் சொல் முடிஞ்சு உதடு மூடினப்புறம் வெட்டுங்க. பீட்டுக்கு ரெண்டு ஃப்ரேம் முன்னாடி வெட்டினா கண்ணு புதுப் படத்துக்குப் பழகி இருக்கும்போது பீட் விழும், அது பீட் மேல விழுந்த கட் மாதிரியே தெரியும். அடிக்கடி வெட்டணும்னு ஆசையா இருந்தா 4 பார் ஸ்க்ராட்ச்ல வெட்டித் தீத்துக்கோங்க, அங்க இழக்க வரி இல்ல.

வரி சொல்றதையே படமாக் காட்டுறது இன்னொரு கொலை. "மாலை போட வந்தவன் மாலைக்குள்ள மாறுனான்"னு ஒரு வரி வெச்சுக்கோங்க. முதல் மாலைக்குப் பூமாலையைக் க்ளோசப்ல காட்டிட்டா கேக்குறவன் மூளை பூவுலயே நின்னுடும், ரெண்டாவது மாலை பொழுதுன்னு பிடிபட ஒரு நொடி தாமதமாகும், அதுக்குள்ள அடுத்த வரி ஓடிடும். ரெண்டையும் காட்டாதீங்க. முகம் மட்டும் போதும். சிலேடை வர்ற பார்ல கட்அவே (முகத்தை விட்டு வேற படத்துக்குத் தாவுறது) வெக்கவே கூடாதுங்கறது என் கருத்து.

#9 · ஃப்ரேம்24

கட்பாயிண்ட் சொன்னதுக்கு ஷூட்லயே தயார் ஆகணும். முழு வெர்ஸும் நிறுத்தாம ஒரு மீடியம் க்ளோசப் டேக் கட்டாயம். அதுல மூணு நல்ல டேக் கிடைக்கிற வரைக்கும் வேற எதையும் எடுக்காதீங்க. மத்த ஷாட்லாம் அது மேல வர்ற அலங்காரம். இன்னொண்ணு, ராப்பர் வாயை மட்டும் அசைக்கக்கூடாது. சத்தமா, ரெக்கார்டிங்ல கொடுத்த அதே அழுத்தத்தோட சொல்லணும். கழுத்து நரம்பும் தாடையும் அசையாத லிப் சிங்க் ஃப்ரேம் கணக்கா ஒட்டினாலும் பொய்யாத்தான் தெரியும்.

#10 · நிழல்விளக்கு

வாய் தெரியணும்னா லைட்தான். ஹூடியும் தொப்பியும் இந்த ஸ்டைலோட அடையாளம், கழட்டச் சொல்ல முடியாது. லைட்டை மேல இருந்து 45 டிகிரில வெச்சா தொப்பி விளிம்பு மூக்கு வரைக்கும் இருட்டாக்கிடும். மெயின் பேனலைக் கண் மட்டத்துக்கு இறக்குங்க, முகத்துக்கு 30 டிகிரி பக்கவாட்டுல. ரெண்டாவது பேனல் பின்னாடி, தோளும் ஹூடி விளிம்பும் சுவத்துல இருந்து பிரியுறதுக்கு. நெஞ்சுக்குக் கீழ ஒரு வெள்ளை அட்டையைப் படுக்க வெச்சா உதட்டுக்குக் கீழ இருக்குற நிழல் எழும்பும், செலவே இல்ல.

ஃப்ளிக்கர் பத்தி: 50 ஹெர்ட்ஸ் கரன்ட் உள்ள இடத்துல ஷட்டர் 1/50, 60 ஹெர்ட்ஸ் இடத்துல 1/60. விலை குறைஞ்ச எல்இடியை டிம் பண்ணினா படத்துல பட்டை பட்டையா ஓடும், ஏன்னா அது ஒளியை வேகமா அணைச்சு அணைச்சுத்தான் குறைக்குது. முழு வெளிச்சத்துல விட்டு லைட்டைத் தள்ளி வைங்க. தூரம் ரெண்டு மடங்கானா வெளிச்சம் நாலுல ஒண்ணு, கேமரா கணக்குல ரெண்டு ஸ்டாப். ட்யூப் லைட், தெரு விளக்கு இருக்குற இடத்துல ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பத்து விநாடி எடுத்து பெரிய ஸ்க்ரீன்ல பாருங்க.

ஃபிஷ்ஐ (ஓரத்தை வளைச்சுக் காட்டுற அகல லென்ஸ்) எடுக்க ஆசைப்பட்டா வாய் ஃப்ரேமோட நடுவுல இருக்கணும். ஓரத்துக்குப் போனா உதடு வளைஞ்சு ப-வும் ம-வும் கண்டுபிடிக்க முடியாது.

#11 · லூப்வெட்டி

சத்தத்துக்கு வருவோம், வரி அங்கயும் தொலையும். அந்தப் பழைய தூசி படிஞ்ச சத்தத்துக்கு ஒரு காரணம் 1987-ல வந்த எஸ்பி-1200 சாம்ப்ளர் (சாம்பிளைப் பதிஞ்சு வாசிக்கிற மெஷின்). 12 பிட், 26.04 கிலோஹெர்ட்ஸ், மொத்தமே சுமார் பத்து விநாடி நினைவகம். இடம் மிச்சம் பிடிக்க 33 சுற்று வேக ரெக்கார்டை 45-ல ஓட்டிப் பதிஞ்சு, அப்புறம் மெஷின்ல இறக்குவாங்க. 26.04 கிலோஹெர்ட்ஸ்ல பதியுற மெஷின்ல 13 கிலோஹெர்ட்ஸுக்கு மேல இருக்குற சத்தத்தைப் பதியவே முடியாது. அது குரலுக்கு நல்லது, ச, ஸ, ட மாதிரி எழுத்தோட கூர்மைக்கு மேல்தளம் முழுக்கக் காலி. இப்ப ப்ளக்இன்ல தூசி சேக்குறவங்க சரசரப்பை லூப் மேல போட்டுட்டு, மேல்தளத்தை வெட்டாம விட்டுடுறாங்க. சரசரப்பும் சகரமும் ஒரே இடத்துல சண்டை போடும். லூப்பை 10, 11 கிலோஹெர்ட்ஸ்ல லோ பாஸ் (அதுக்கு மேல இருக்குறதை வெட்டுறது) பண்ணிட்டு அப்புறம் குரலை வைங்க.

#12 · ஓசைக்காரன்

இதோட சேத்துக்கோங்க. மைக்ல இருந்து 15–20 சென்டிமீட்டர், பாப் ஃபில்டர், உச்சம் மைனஸ் 10 டெசிபல் பக்கம். குரலை 80–100 ஹெர்ட்ஸ்ல ஹை பாஸ் (அதுக்குக் கீழ இருக்குறதை வெட்டுறது). வரி புரியுற இடம் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ், அங்க லூப்பை 2–3 டெசிபல் குறைங்க, குரலை ஏத்தாதீங்க. ராப்பர் பேசுறப்போ மட்டும் குறையுற மாதிரி சைட்செயின் வெச்சா ஸ்க்ராட்ச் பகுதி முழு உடம்போட வரும். இதுக்கு ஸ்டெம்ஸ் (பீட்டோட ஒவ்வொரு பகுதியும் தனித்தனி ஃபைலா) வேணும். ரெண்டே ட்ராக்ல நசுக்கி முடிச்ச எம்பி3 பீட்ல குரலுக்கு இடம் பண்றது ரொம்பக் கஷ்டம்.

டபுள் ட்ராக் (அதே வரியை மறுபடி பதிஞ்சு மேல சேக்குறது) முழு வெர்ஸுக்கும் போடாதீங்க. ரெண்டு குரலோட வல்லின எழுத்து 20 மில்லிசெகண்ட் விலகினாலே சொல் மங்கிடும். எதுகைச் சொல்லுக்கு மட்டும் போடுங்க, மேல இருக்குற உதாரணத்துல விழுதா, முழுதா, கடைசிச் சொல். மூச்சுச் சத்தத்தை அழிக்காம 6–8 டெசிபல் இறக்குங்க, வீடியோவுல நெஞ்சு ஏறுறது தெரியும், சத்தம் இல்லேன்னா ஒட்டாது. யூடியூப் சுமார் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ்க்கு (சராசரி சத்த அளவு) மேல இருக்குற சத்தத்தை இறக்கிடும். மைனஸ் 8-க்கு நசுக்கினா கிடைக்கிறது ஒண்ணுமில்ல, வரியோட ஏத்த இறக்கம்தான் போகும்.

#13 · பதினாறுபார்

ஸ்க்ரீன்ல வரி? பீட்டைப் பயன்படுத்த உரிமை வாங்குற லீஸ்?

#14 · கட்பாயிண்ட்

வரி போடலாம், முழுப் பாரையும் ஒரேயடியாப் போடாதீங்க. கண்ணு வாயை முந்தி பஞ்சைப் படிச்சிடும். அரை பார் அரை பாரா, சொல் ஆரம்பிக்கிற ஃப்ரேம்ல வரட்டும். ஒரு நேரத்துல ஒரு வரி, வாய்க்குக் கீழ, முகத்து மேல ஏறாம. சில எடிட்டர்ல தமிழ் எழுத்து உடையும், கொம்பு இடம் மாறி நிக்கும். அந்த மென்பொருளோட உரை அமைப்புல இந்திய மொழிகளுக்கான தேர்வு இருந்தா அதை ஆன் பண்ணுங்க, இல்லேன்னா வேற இடத்துல எழுத்தைப் படமாக்கிக் கொண்டுவாங்க. ஏத்துறதுக்கு முன்னாடி கொ, பெ, மை வர்ற வரியெல்லாம் ஒரு தடவை நிறுத்திப் படிங்க. எஸ்ஆர்டி (சப்டைட்டில்) ஃபைலும் தனியா ஏத்துங்க, யூடிஎஃப்-8ல சேமிச்சு.

கிரெய்ன், விஎச்எஸ் ஓவர்லே (பழைய ஃபிலிம், டேப் மாதிரி மேல தூவுற புள்ளியும் கோடும்) அளவோட. ஃபைலை அமுக்குறப்போ மொத்த பிட்ரேட்டையும் கிரெய்னுக்கே செலவு பண்ணிட்டு முகத்தைக் கூழாக்கிடும். 1080-ல முடிச்சாலும் 2160-ஆ (4கே) பெருசாக்கி, 35–45 மெகாபிட்ல ஏத்துங்க, யூடியூப் அதுக்குக் கூடுதல் தரம் கொடுக்கும்.

#15 · ஓசைக்காரன்

லீஸ் பத்தி நான் சொல்றேன். நான்-எக்ஸ்க்ளூசிவ் லீஸ்னா அதே பீட் வேற பலர்கிட்டயும் இருக்கும். ஒப்பந்தத்துல ஸ்ட்ரீம் வரம்பு, எத்தனை வீடியோ, வருமானம் எடுக்கலாமா, ஸ்டெம்ஸ் உண்டா, இந்த நாலையும் ஷூட் தேதி வைக்கிறதுக்கு முன்னாடி படிங்க. பாட்டை விநியோகம் பண்றப்போ கன்டென்ட் ஐடி (யூடியூப்ல உரிமை கோருற அமைப்பு) பெட்டியை டிக் பண்ணாதீங்க. பிரத்யேக உரிமை இல்லாததுக்கு அதைக் கேக்கக்கூடாது. ஒருத்தர் டிக் பண்ணினா அதே பீட் வாங்கின எல்லாருக்கும் க்ளெய்ம் போகும். உங்க வீடியோவுக்கு அப்படி வந்தா லீஸ் ரசீதும் ஒப்பந்தமும்தான் ஆதாரம், பிடிஎஃப்-ஐ பத்திரமா வைங்க.

பீட்மேக்கர் பீட்டை வித்ததால அதுக்குள்ள இருக்குற சாம்பிளும் க்ளியர் ஆயிடுச்சுன்னு அர்த்தமில்ல. சாம்பிளுக்கு ரெண்டு உரிமை: பதிவோட உரிமை, பாடலோட உரிமை. அமெரிக்காவுல 1991-ல கிராண்ட் அப்ரைட் வழக்கு தீர்ப்பு வந்ததுல இருந்து அனுமதி இல்லாம சாம்பிள் பண்றது அங்க பெரிய ஆபத்தாச்சு. அதே மெட்டை நீங்களே வாசிச்சுப் பதிஞ்சா முதல் உரிமை தேவைப்படாது, ரெண்டாவது அப்பவும் தேவை. லூப் எந்தப் பாட்டுல இருந்து வந்ததுன்னு பீட்மேக்கர்கிட்ட எழுத்துல கேட்டு வாங்குங்க. பதில் வர்ற வரைக்கும் ஷூட்டுக்குத் தேதி குறிக்காதீங்க.